தெருப் பார்த்த அறை

யாம் குடியிருக்கும் ஹப்சிகுடாவில் தெருக்கள் பலவற்றிற்குப் பெயர் கிடையாது, எண்களே உண்டு. எட்டாம் எண் தெரு என்றால் ஆட்டோக்காரர் முதல் காய்கறிக்காரர் வரை யாவருக்கும் தெரியும். அத்தெருவில் முன்னாளில் யார் வாழ்ந்தனர், எத்தொழில் செய்தனர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊர்ப் பெயரில்தான் சிறிது வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நிஜாம் காலத்தில் ஆப்பிரிக்காவினின்று வந்து படையில் பணியாற்றிய ஹப்ஷிகள் தங்கிய இடமாதலின் இப்பெயர் வந்தது என்பர். அவர்கள் வாழ்ந்த வீடு ஒன்றேனும் எஞ்சியுளதோ என்று விடுமுறை நாட்களில் யாம் பன்முறை தேடியதுண்டு. கண்டிலோம்.

இரயில்வேக் குமாஸ்தாவுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நம் சங்கத்து அன்பர்கள் நகைத்தல் கூடும். எம் தந்தையார் லாலாகுடா இரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். அவர் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றைக் கையிலேந்திச் சென்று சிகந்திராபாத்தில் இவ்வேலையைப் பெற்றோம். அன்றுதொட்டுப் பதிவேடுகளே எம் உலகம். பழைய வீடுகளைப் பற்றிச் சிந்திக்க எமக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள எம் பாட்டனார் வீட்டை இடிப்பதற்கு யாமும் கையொப்பமிட்டோம். அது முதலே இத்தேடல் எம்மைப் பற்றிக்கொண்டது. நடந்ததை உள்ளவாறு எழுதுகின்றோம்.

ஆவணித் திங்களில் ஒருநாள் சிற்றப்பா தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டையும் நம் வீட்டையும் சேர்த்து அடுக்குமாடிக் கட்டடம் எழுப்ப ஓர் ஒப்பந்தக்காரர் முன்வந்திருப்பதாகவும், பங்காளிகள் நால்வரும் இசைந்தால் ஆளுக்கொரு தொகை வருமென்றும், அத்தையாருக்கு மட்டும் பணத்துக்குப் பதிலாக மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைக்குமென்றும் கூறினார். தங்கையின் திருமணக் கடன் எம் தலைமேல் நின்றது. மகளின் பள்ளிக் கட்டணமும் உடன் நின்றது. "ஆகட்டும், சிற்றப்பா" என்று உடனே சொல்லிவிட்டோம். அவ்வீட்டில் வாழ்பவர் அத்தையார் ஒருவரே. அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எமக்கு எழவில்லை. இதனை எழுதுவதற்கு நாணமாகவே இருக்கின்றது.

அதே வாரத்தில்தான் எம் மனையாளின் தம்பி அமெரிக்காவினின்று சில படங்களை அனுப்பினார். அவர் பிலடெல்பியா நகரில் கணிப்பொறிப் பணி செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவதும், சுற்றியதைக் கைப்பேசியில் எங்களுக்கு அனுப்புவதும் அவர் வழக்கம். பெரும்பாலும் பாலங்களும் பனியும் வரும். இம்முறை வந்தது ஒரு சந்து. கற்கள் பாவிய குறுகிய பாதை. இரு மருங்கும் ஒன்றையொன்று தோளுரசி நிற்கும் செங்கல் வீடுகள். ஒவ்வொன்றின் அகலமும் நம் இரயில் பெட்டியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குகூட இராது. பெயர் எல்பிரெத் சந்து என்று குறித்திருந்தார்.

அதன் கதையையும் அவர் கேட்டு எழுதியிருந்தார். 1703-ஆம் ஆண்டளவில் அண்டை அயலாரான இரண்டு கொல்லர்கள் தத்தம் மனையில் சிறிது நிலம் விட்டுக்கொடுத்து, ஆற்றுத் துறைக்கு வண்டி செல்வதற்காக அந்தப் பாதையை அமைத்தனராம். பின்னர் அங்கே வீட்டுரிமை பெற்ற ஜெரெமையா எல்பிரெத் என்பவரும் கொல்லரே. அவர் பெயரே சந்துக்கு நிலைத்தது. இங்கிலாந்தின் ஆட்சி அங்கே நடந்த காலத்தில் தொடங்கி 1830-களின் இடைப்பகுதி வரை கட்டப்பட்ட 32 வீடுகள் இன்றும் உள்ளன. கப்பல் தச்சர், வெள்ளி வேலை செய்வோர், மரச்சாமான் செய்வோர் முதலிய உழைப்பாளிகளே அங்கு வாழ்ந்தனர். நாட்டு விடுதலைக்கு மை தொட்டுக் கையொப்பமிட்ட பெரியோர்களின் மாளிகைகளைப் பேணுதல் எங்கும் உள்ளது. கொல்லன் வீட்டைப் பேணுதல் அரிது. அந்தச் சந்தும் அழியும் நிலைக்கு வந்தபோது, 1934-இல் அங்கு வாழ்ந்த டாலி ஓட்டி என்னும் அம்மையார் அக்கம்பக்கத்தாரைத் திரட்டி ஒரு சங்கம் கண்டு அதனைக் காத்தார். 1960-இல் அந்நாட்டு அரசு அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவும் படித்து, நன்று என்று சொல்லிக் கைப்பேசியைக் கீழே வைத்திருப்போம். கடைசிப் படம் எம்மைத் தடுத்தது. அது 126-ஆம் எண் வீடு. இப்போது காட்சியகமாக உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் மேரி ஸ்மித், சாரா மெல்ட்டன் என்னும் இரு பெண்கள் அங்கே வாழ்ந்து, பெண்களுக்கான உடை தைத்துப் பிழைத்தனராம். தெருப் பார்த்த முன்னறையே கடை; பின்னும் மேலும் குடித்தனம். அவ்வறையின் சன்னலையும் அதனருகே ஒரு மேசையையும் மைத்துனர் படம் பிடித்திருந்தார்.

எம் மனையாள் அதனை எட்டிப் பார்த்து, "சிந்தாதிரிப்பேட்டை அத்தை உட்காரும் இடம் மாதிரியே இருக்கின்றதே!" என்றாள்.

அந்தச் சொல் எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையை இன்று காண்போர் மீன் சந்தையையும், அச்சகங்களையும், 1995-இல் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை தொடங்கிய பறக்கும் இரயில் பாதையின் நிலையத்தையுமே காண்பர். அதன் தோற்றம் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஏற்றுமதிக்குத் துணி வேண்டியிருந்தது. உள்நாட்டு வணிகர்கள் கொண்டுவரும் வரை காத்திராமல், கோட்டைக்கு அருகிலேயே நெசவாளரைக் குடியேற்றினால் என்ன என்று எண்ணினர். 1734-இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் சுங்குராமச் செட்டியாருக்குரியதாய் இருந்த தோட்டத்தைத் தேர்ந்து இப்பேட்டையை நிறுவினர். நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சாயம் தீட்டுவோர் முதலியோருக்கென்றே அமைந்தமையால் சின்னத் தறிப் பேட்டை ஆயிற்று. அதுவே நாவில் தேய்ந்து சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. ஆதிபுரீசுவரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அங்கே அருகருகே நிற்பது, வந்து குடியேறியோர் சைவரும் வைணவருமாய்க் கலந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்று என்று எமக்குத் தோன்றும். இதற்கு முன்னரே 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த காலட் என்பவரும் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்க்கு ஒரு குடியிருப்பு அமைத்தார். காலட்டுப்பேட்டை என்ற அதன் பெயரை நம் மக்கள் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டனர். துரையின் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு யாருடைய காலடியையோ வைத்துக்கொண்டனர்!

நெசவுக்கு வீடு மட்டும் போதாது, தெருவும் வேண்டும். பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் இழை பிரித்து வாரி உலர்த்துதல் தெருவில் நடக்கும் வேலை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். குடும்பம் முழுவதும், சில வேளை அண்டை வீட்டாரும் சேர்ந்து நின்றால்தான் முடியும். ஆகவே நெசவாளர் தெரு நேராகவும் நீளமாகவும் இருக்கும். பாவு வீட்டினுள் சென்றபின் தறியின் வேலை தொடங்கும். அந்நாளைய தறி குழித்தறி. தரையில் குழி தோண்டி, நெய்பவர் அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை மாறி மாறி மிதிப்பார். கை நாடாவை எறியும். குழியின் ஈரம் நூலை வறண்டு அறுந்துபோகாமல் காக்கும். ஒளி வேண்டுமாதலின் தறி முன்பக்கத்தில், தெருவின் வெளிச்சம் படும் இடத்தில் இருக்கும்.

எம் பாட்டனார் வீட்டின் முன்னறையிலும் அப்படியொரு குழி இருந்தது. பாட்டனாரின் பாட்டனார் நெய்தவர் என்பது குடும்பத்தில் வழிவழி வந்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைத் துணி வந்து குவிந்தபின் கைத்தறியாளர் பலர் பிற தொழிலுக்குப் போயினர். எங்கள் குடும்பமும் தச்சுக்குப் போயிற்று. வீட்டையும் பின்னர் இடித்துக் கட்டினர். ஆயினும் குழியை மூடவில்லை. அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லைப் போட்டுவிட்டனர். ஏன் மூடவில்லை என்று சிறு வயதில் பாட்டனாரைக் கேட்டோம். "மண் வாங்கக் காசு இல்லை" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்பது இன்றளவும் விளங்கவில்லை.

அந்தக் கல்லின்மேல்தான் அத்தையார் தையல் இயந்திரத்தை வைத்திருந்தார். இருபத்தொன்பதாம் வயதில் கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பியவர். இப்போது அறுபத்தெட்டு வயது. சன்னலுக்கு நேரே அமர்ந்து இரவிக்கை தைப்பார். சந்தைக்குப் போகும் பெண்கள் கூடையைத் திண்ணையில் இறக்கிவிட்டுச் சன்னல் வழியே துணியைக் கொடுத்துச் செல்வர். அளவு எழுதி வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. "போன தீபாவளிக்கு இருந்ததைவிட இளைத்துவிட்டாயே!" என்று பார்த்த அளவில் சொல்லிவிடுவார். கம்பெனியார் குடியேற்றிய பேட்டையில், நெசவு நின்று நூறாண்டுக்கு மேலாகியும், எங்கள் வீட்டின் அந்த ஓர் அறையில் மட்டும் துணி வேலை நின்றபாடில்லை. இதனை யாம் முப்பது ஆண்டுகள் கண்ணால் கண்டும், பிலடெல்பியாப் படம் ஒன்று வந்தபின்னரே உணர்ந்தோம்.

இரண்டு நாள் விடுப்பெடுத்து, சார்மினார் விரைவு வண்டியில் சென்னைக்குச் சென்றோம். வழக்கமாகப் படுத்தவுடன் உறங்கும் எமக்கு அன்று கூடூர் வரையில் உறக்கம் இல்லை.

அத்தையார் காப்பி கொடுத்தார். வீட்டைப் பற்றி அவராக ஒன்றும் பேசவில்லை. யாமே மூன்றாம் மாடியைப் பற்றிக் கேட்டோம். இயந்திரத்தை நிறுத்தாமலே விடை சொன்னார்:

"மாடிக்கு யார் தம்பி ஏறி வருவார்கள்? கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி மூன்று மாடி ஏறுவாளா? கீழே இருந்தால் நான் தையற்காரி. மேலே போனால் கிழவி. அவ்வளவுதான்."

"அப்படியானால் முன்னமே சொல்லியிருக்கலாமே, அத்தை?"

"என்னை யார் கேட்டார்கள்?"

இதற்கு எம்மிடம் விடை இல்லை. அவருக்கும் நால்வரில் ஒரு பங்கு உண்டு. சட்டம் அதனை அளித்திருக்கின்றது. எனினும் அவர் கையொப்பத்தை வாங்கும்போது, "இங்கே போடு" என்று மட்டும் சொல்லியிருக்கின்றனர்.

மாலையில் சிற்றப்பாவும், பெரியப்பாவின் மகனாகிய அண்ணனும், ஒப்பந்தக்காரரும் வந்தனர். வீட்டை இடிக்கவே கூடாது என்று சொல்லவேண்டும் என்று வண்டியில் எண்ணி வந்திருந்தோம். உள்ளே நடந்து பார்த்தபின் அந்த எண்ணம் நிற்கவில்லை. 16 அடி அகலம், 72 அடி நீளம் கொண்ட வீடு. அளவு நாடா கொண்டு அளந்து குறிப்பேட்டில் எழுதினோம், அது குமாஸ்தாப் புத்தி. பின்கட்டின் உத்திரம் கறையானால் தின்னப்பட்டுக் கம்பத்தின்மேல் முட்டுக்கொடுத்து நின்றது. மழைக்காலத்தில் அத்தையார் நான்கு பாத்திரங்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் இடம் மாற்றுவாராம். செப்பனிடும் பணம் எங்களில் யாரிடம் இருந்தது? பிலடெல்பியாவில் டாலி ஓட்டி அம்மையார்க்கு ஒரு தெருவே துணை நின்றது. எங்கள் தெருவிலோ பழைய வீடு என்று சொல்ல எங்களுடையதும் பக்கத்து வீடுமே எஞ்சியிருந்தன.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சந்தின் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன; ஆனால் தாம் போன அன்று எந்த முன்னறையிலும் உலையையோ தையலையோ காணவில்லை என்று மைத்துனர் எழுதியிருந்தார். அங்கே சுவர் இருக்கின்றது, வேலை போய்விட்டது. இங்கே சுவர் போகப்போகின்றது. வேலையாவது இருக்கட்டுமே என்று தோன்றிற்று. இரண்டும் இருப்பதே நன்று என்பதை அறியாதவர் அல்லோம். எங்கள் வசதிக்கு எட்டியது ஒன்றுதான்.

ஆகவே, "தரைத்தளத்தில் தெருப் பார்த்து அத்தைக்கு ஓர் அறை வேண்டும். அதனைப் பத்திரத்தில் எழுதினால் கையொப்பமிடுவோம்" என்றோம்.

தரைத்தளம் முழுவதும் வண்டிகள் நிறுத்துவதற்கு என்றார் ஒப்பந்தக்காரர். ஓர் அறை கட்டினால் ஒரு கார் நிற்கும் இடம் போகும். அதன் விலை எங்கள் நால்வர் பங்கிலும் குறையும் என்றார். கணக்கிட்டும் காட்டினார். சிறிய தொகை அன்று. அண்ணன் வாய் திறவாது தரையைப் பார்த்தார். சிற்றப்பாவுக்குச் சினம் வந்தது.

"ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுகின்றாயா? தொலைபேசியில் ஆகட்டும் என்று சொன்னவன் நீதானே? அக்காவை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டது நானா, நீயா?"

அவர் கூறியது உண்மை. மருந்து வாங்கித் தந்தவரும், மின்கட்டணம் செலுத்தியவரும் அவரே. யாம் ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்குச் சென்று இரண்டு புடைவைகளைக் கொடுத்து வந்தவர். "தாங்கள்தாம் பார்த்துக்கொண்டீர்கள், சிற்றப்பா. அறைக்காகக் குறையும் தொகை முழுவதையும் எம் பங்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்றோம். சொல்லி முடித்தபின்தான் தங்கையின் கடன் நினைவுக்கு வந்தது. வாய் முந்திக்கொண்டது; அறிவு பின்னால் வந்தது.

சிற்றப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் வேண்டாம். நால்வர் பங்கிலும் குறையட்டும்" என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டார். 10 அடிக்கு 12 அடி, தெருவை நோக்கிய சன்னல் ஒன்று, அத்தையாரின் ஆயுள் வரையில் அவருக்கே உரிமை என்று பத்திரத்தில் ஏழாவது பிரிவாகச் சேர்த்தனர். யாம் மும்முறை படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டோம். அத்தையார் ஒருமுறையும் படிக்கவில்லை, "சன்னல் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். வடக்கு என்றதும் முகம் மலர்ந்தது. வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாதாம்; கறுப்புத் துணியிலும் தையல் நன்கு தெரியுமாம்.

கார்த்திகையில் வீட்டைக் காலி செய்யும்போது மறுமுறை சென்றோம். கடப்பைக் கல்லை நான்கு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பினர். தறியின் உறுப்பு ஏதேனும் உள்ளே கிடக்கும், ஒரு நாடாவாவது கிடைக்கும் என்று எம் உள்ளம் அடித்துக்கொண்டது. கிடைத்தவை கிழிந்த துணித் துணுக்குகள், இரண்டு கோலிக்குண்டுகள், மூடியில்லாத சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்று. கோலிகளில் ஒன்று எம்முடையதாக இருத்தல் கூடும். குழியில் இறங்கித் தரையைத் தொட்டுப் பார்த்தோம். மேலே கல் மூடி எத்தனையோ ஆண்டாகியும் மண் ஈரமாகவே இருந்தது.

கல்லைச் சிகந்திராபாத்துக்குப் பார்சலில் கொண்டுவரலாமா என்று எண்ணினோம். எடையையும் கட்டணத்தையும் கணக்கிட்டபோது எம் மனையாள் பார்த்த பார்வையில் அந்த எண்ணம் அகன்றது. புதிய அறையின் வாயிற்படியாக அதனை இடுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கின்றார். இதைப் பத்திரத்தில் எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.

கட்டடம் இப்போது இரண்டாம் தளம் வரையில் எழும்பியிருப்பதாகச் சிற்றப்பா வாரந்தோறும் படம் அனுப்புகின்றார். தரைத்தளத்து அறையை முதலில் வரும்படி எடுப்பவர் அவரே. அது முடியும் வரையில் அத்தையார் ஹப்சிகுடாவில் எங்களோடு இருக்கின்றார். தையல் இயந்திரமும் இரயிலேறி வந்தது. எங்கள் குடியிருப்பு இரண்டாம் மாடி. தாழ்வாரத்தில் இயந்திரத்தைப் போட்டுக் கொடுத்தோம். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. கீழே செல்வோரைக் கண்டு கண்டு, "இந்த ஊரில் பெண்கள் அண்ணாந்து பார்ப்பதே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். பின்னர் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார் ஒரு துணியைக் கொண்டுவந்தார். மொழி தெரியாமலே இருவரும் கழுத்தின் இறக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் வழக்காடினர். இப்போது மேசைமேல் ஏழெட்டுத் துணிகள் மடித்துக் கிடக்கின்றன.

நம் சங்கத்துத் தாய்மார்கள் வர விரும்பினால் மாலை ஐந்து மணிக்குமுன் வருதல் நலம். அதற்குப்பின் தாழ்வாரத்தில் வெளிச்சம் குறைந்துவிடும். அப்போதும் அவர் எழுந்திருப்பதில்லை. ஊசியில் நூல் கோப்பதற்கு மட்டும் எம் மகளைக் கூப்பிடுகின்றார்.